அப்பா அனுப்பிய பணத்துக்கும் கணக்கு கேட்கிறார் சொலிசிட்டர்

வீடு வாங்க அப்பா ஊரிலிருந்து அனுப்பிய பணம் எங்கிருந்து வந்தது என்று, வீடு வாங்கும் சட்ட வேலையைப் பார்க்கும் வழக்கறிஞரான சொலிசிட்டர் கேட்டால், கணக்கு கொடுத்துத்தான் ஆக வேண்டும். உங்கள் லண்டன் கணக்கில் பணம் வந்த ஸ்டேட்மென்ட் போதாது. அது அப்பாவிடம் எப்படி வந்தது என்பதுதான் கேள்வி. சட்டவிரோதப் பணப் பரிமாற்றத்தைத் தடுக்கும் பிரிட்டனின் 2017 விதிகளின்படி சொலிசிட்டர் கேட்கிறார், உங்கள் மேல் சந்தேகப்பட்டு அல்ல.

மதுரை நிலத்தை விற்ற பணம் என்கிறீர்கள். கிரயப் பத்திர நகல், அந்தத் தொகை வரவான பாஸ்புக் பக்கம், பணம் அனுப்பிய வங்கி ரசீது மூன்றையும் பக்கத்தில் வைத்து, தொகையும் தேதியும் ஒத்துப்போகிறதா பாருங்கள். பத்திரம் தமிழில் இருந்தால் ஆங்கில மொழிபெயர்ப்பும் கேட்கலாம். எனக்கு அதிலேயே இரண்டு வாரம் போனது.

அப்பா பணத்தைத் திருப்பி எதிர்பார்த்தால் மட்டும் அன்பளிப்புக் கடிதம் (பணம் பரிசு, திருப்பித் தர வேண்டியதில்லை என்று எழுதித் தருவது) கொடுக்காதீர்கள். அது கடன், மார்ட்கேஜ் (வீட்டுக் கடன்) தரும் வங்கியிடம் சொல்லியாக வேண்டும்.