‘கம்பெனியே மூடிட்டாங்க மேடம்’: ஓராண்டுப் பணம் கட்டிய இணைய இணைப்பு திடீரென நின்றால்?

கேள்வி: பெரம்பூரில் 12 வீடுகள் கொண்ட அடுக்குமாடியில் குடியிருக்கிறேன். ஜனவரி 1-ஆம் தேதி ஓராண்டுக்கான ஃபைபர் இணையக் கட்டணமாக ஜி.எஸ்.டி. சேர்த்து 9,440 ரூபாயும், பாக்ஸுக்கு டெபாசிட் 2,000 ரூபாயும் எங்கள் பகுதி கேபிள்காரரின் ஜி-பே எண்ணுக்கு அனுப்பினேன். ஜூன் 1 காலையிலிருந்து நெட் இல்லை. கஸ்டமர் கேர் எண்ணை யாரும் எடுப்பதில்லை. “கம்பெனியே மூடிட்டாங்க மேடம். 3,000 ரூபா குடுங்க, வேற கம்பெனிக்கு மாத்திவிடறேன்” என்கிறார் கேபிள்காரர். நான் வீட்டிலிருந்து வேலை பார்ப்பவள். வேறு நிறுவனத்தைக் கூப்பிடலாம் என்றால், “நம்ம பில்டிங்குக்கு ஒரு கம்பெனியோடதான் அக்ரிமென்ட்” என்கிறார் சங்கச் செயலாளர். என் பணம் திரும்பக் கிடைக்குமா? – வாசகி, பெரம்பூர்

பதில்: பழைய பணத்தை மீட்பது ஒரு வேலை, புது இணைப்பு வாங்குவது வேறு வேலை. கேபிள்காரர் கேட்கும் 3,000 ரூபாய் இரண்டையும் ஒரே முடிச்சில் கட்டிவிடுகிறது. அதைக் கொடுத்துவிட்டால், பழைய கணக்கை நீங்களே சம்மதித்து மாற்றிக்கொண்டதாக நாளை அவர் சொல்வார். அந்தப் பணத்தைக் கொடுக்காதீர்கள். பழைய கணக்கு தீரும்வரை இணையம் இல்லாமல் காத்திருக்கவும் வேண்டாம். ஆனால் புது ஆள் வந்து பழைய ஒயரைப் பிடுங்குவதற்கு முன் அரை மணி நேரம் ஒதுக்கி ஆதாரத்தைத் திரட்டிவிடுங்கள்.

முதலில் பாக்ஸின் விளக்குகளைப் பாருங்கள். ‘லாஸ்’ விளக்கு சிவப்பாக மினுக்கினால் ஃபைபரில் ஒளியே வரவில்லை என்று பொருள். ஒயர் அறுந்திருக்கலாம், அல்லது மறுமுனையில் உள்ள கருவியை அணைத்திருக்கலாம். ‘பான்’ விளக்கு பச்சையாக நிலைத்து நின்று, இணைய விளக்கு மட்டும் எரியாவிட்டால் லைன் நன்றாக இருக்கிறது, நிறுவனத்தின் பக்கத்தில்தான் கணக்கு இணையவில்லை. இந்த வேறுபாடு வழக்கில் உதவும். “தெருவில் ஒயர் அறுந்துபோச்சு, அதுக்கு நாங்க என்ன பண்றது” என்ற பதில் பச்சை விளக்கின் படத்துக்கு முன் நிற்காது. தேதி, நேரம் தெரியும்படி படம் எடுங்கள். பாக்ஸைத் திருப்பி, லேபிளில் உள்ள வரிசை எண்ணையும் மேக் முகவரியையும் படம் எடுங்கள். அதே நிறுவனத்தின் இணைப்பு வைத்திருக்கும் பக்கத்து வீட்டாரிடமும் இதையே செய்யச் சொல்லுங்கள். ஒரே நாளில் நாலு வீட்டில் நின்றிருந்தால் அதை உங்கள் வீட்டுக் கோளாறு என்று யாரும் சொல்ல முடியாது.

அடுத்து, எதிராளி யார் என்று கண்டுபிடியுங்கள். இங்கேதான் பலர் வழி தவறுகிறார்கள். வாசலில் வந்து பணம் வாங்கியவர் பெரும்பாலும் முகவர்தான். இணைய சேவைக்கான உரிமம் தொலைத்தொடர்புத் துறையிடமிருந்து வேறொரு நிறுவனம் பெற்றிருக்கும். பில்லிலோ, ரீசார்ஜ் ஆனபோது வந்த குறுஞ்செய்தியிலோ அதன் பெயர் இருக்கும். பில்லில் 15 இலக்க ஜி.எஸ்.டி. எண் இருந்தால் அதை ஜி.எஸ்.டி. இணையதளத்தில் இலவசமாகத் தேடலாம். தமிழ்நாட்டில் பதிவானது 33-இல் தொடங்கும். சட்டப்படியான பெயரும், பதிவு நடப்பில் உள்ளதா ரத்தாகிவிட்டதா என்பதும் தெரியும். கம்பெனி என்றால், கம்பெனி விவகார அமைச்சகத்தின் தளத்தில் பதிவு அலுவலக முகவரியும் கிடைக்கும்.

இப்படித் தேடும்போது, ‘மூடிவிட்டதாக’ச் சொல்லப்பட்ட கம்பெனி நன்றாகவே இயங்கிக்கொண்டிருப்பது தெரியவரலாம். கேபிள்காரருக்கும் கம்பெனிக்கும் பணத் தகராறு வந்து, அவர் தன் வாடிக்கையாளர்களை மொத்தமாக வேறு நிறுவனத்துக்கு ஓட்டிக்கொண்டு போவது புதிதல்ல. அப்படியானால் உங்களுக்கு நல்லதுதான்: வசூலிக்க ஒரு உயிருள்ள நிறுவனம் இருக்கிறது. முகவர் தன் அதிகாரத்துக்கு உட்பட்டுச் செய்தது, அவரை நியமித்த கம்பெனியைக் கட்டுப்படுத்தும் என்பது ஒப்பந்தச் சட்டத்தின் 226-ஆம் பிரிவு. ஜி-பே கேபிள்காரரின் சொந்த எண்ணுக்குப் போயிருந்தாலும், அடுத்த சில நிமிடங்களில் கம்பெனியிடமிருந்து ‘உங்கள் திட்டம் புதுப்பிக்கப்பட்டது’ என்ற செய்தி வந்திருந்தால் அந்த இரண்டையும் ஒரே பக்கத்தில் அச்சிட்டு வையுங்கள். அதைவிட நல்ல ரசீது வேண்டாம்.

கம்பெனி உண்மையிலேயே சேவையை நிறுத்துகிறது என்றால் அதற்கும் முறை இருக்கிறது. ஒருங்கிணைந்த உரிமத்தை ஒப்படைக்கும் நிறுவனம் அரசுக்கு 60 நாள் முன்னறிவிப்பும், வாடிக்கையாளர் ஒவ்வொருவருக்கும் 30 நாள் முன்னறிவிப்பும் தர வேண்டும் என்பது உரிம நிபந்தனை. இணைப்பு முடிந்தபின் டெபாசிட்டை 45 நாளுக்குள் திருப்ப வேண்டும் என்று 2024 அக்டோபர் 1 முதல் நடப்பில் உள்ள, தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் சேவைத்தர விதிகள் சொல்கின்றன. குறைபாடான சேவையை நிறுத்திப் பணத்தைத் திருப்ப மறுப்பதும், ரசீதில் கெடு இல்லாவிட்டால் 30 நாளுக்குள் திருப்பாததும் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி நேர்மையற்ற வணிக நடைமுறை.

உங்கள் கணக்கு இது. 365 நாளில் ஜனவரி முதல் மே வரை பயன்படுத்தியது 151 நாள், மீதி 214. 9,440-ஐ 365-ஆல் வகுத்து 214-ஆல் பெருக்கினால் 5,535 ரூபாய். டெபாசிட்டோடு 7,535. “வரியைத் திருப்ப முடியாது” என்பார்கள். வரிக் கழிவுக் குறிப்பு போட்டு அவர்கள் சரிசெய்துகொள்ள ஜி.எஸ்.டி. சட்டத்தில் வழி இருக்கிறது, அது உங்கள் கவலை அல்ல. ‘மாதத் திட்டத்தின் விலையில் அஞ்சு மாசத்துக்குக் கழித்துக்கொள்கிறோம்’ என்பது இன்னொரு தந்திரம். இணைப்பை முறித்தது நீங்கள் இல்லை என்பதால், சலுகை விலையை ரத்து செய்ய அவர்களுக்கு உரிமை இல்லை என்று எழுதுங்கள்.

கம்பெனியின் மின்னஞ்சலுக்கும், அதே நாளில் ஸ்பீட் போஸ்டிலும் இவ்வளவு போனால் போதும்:

“என் பயனர் எண் ___. ஜனவரி 1 அன்று ஓராண்டுக் கட்டணம் ரூ.9,440, டெபாசிட் ரூ.2,000 செலுத்தினேன். ஜூன் 1 காலை முதல் முன்னறிவிப்பின்றி சேவை நின்றுவிட்டது. புகார் பதிவு எண் ___ (கிடைத்திருந்தால்). மீதி 214 நாளுக்கான ரூ.5,535, டெபாசிட் ரூ.2,000, ஆக ரூ.7,535-ஐ 15 நாளுக்குள் என் கணக்கில் செலுத்தவும். பாக்ஸ், வரிசை எண் ___, என்னிடம் உள்ளது. எழுத்துமூலம் ரசீது தந்து பெற்றுக்கொள்ளலாம். என் பெயரிலான இணைப்பை மூடியதை எழுத்தில் உறுதிசெய்யவும்.”

கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். மூடாத இணைப்பு உங்கள் அடையாள அட்டையோடு கம்பெனியின் பதிவில் உயிரோடு கிடக்கும், அதை யார் பயன்படுத்தினாலும் முதல் விசாரணை உங்களிடம்தான் வரும். பாக்ஸைக் கேபிள்காரரின் பையனிடம் வாய்வார்த்தைக்குக் கொடுத்துவிடவும் வேண்டாம். டெபாசிட்டுக்கு அதுதான் ஈடு. கிரெடிட் கார்டிலோ யு.பி.ஐ. ஆட்டோபேயிலோ கட்டுபவர்கள் ஆட்டோபேயை முதலில் ரத்து செய்யட்டும். கார்டு என்றால், சேவை தரப்படவில்லை என்று சொல்லி, கட்டிய பணத்தை வங்கி வழியே திரும்பப் பெறும் சார்ஜ்பேக் கேட்பதே மிக வேகமான வழி. இதற்குக் கெடு உண்டு, அதனால் அன்றே எழுதிக் கொடுக்க வேண்டும்.

இனி புது இணைப்பு. மொபைல் எண்ணைப் போல பிராட்பேண்டை ‘போர்ட்’ செய்ய முடியாது. புதிய விண்ணப்பம், புதிய அடையாளச் சரிபார்ப்பு எல்லாம் உண்டு. பழைய ஆதார் நகலைக் கேபிள்காரர் தானே எடுத்துப் பயன்படுத்த இடம் கொடுக்காதீர்கள். தரும் நகலின் மேல் நிறுவனத்தின் பெயர், நோக்கம், தேதி மூன்றையும் குறுக்கே எழுதுங்கள்.

பழைய பாக்ஸ் புது நிறுவனத்தில் ஓடும் என்று சொல்வதை நம்பிப் பணம் கொடுக்க வேண்டாம். ஃபைபர் பாக்ஸில் இரண்டு தொழில்நுட்ப வகை உண்டு: சிறு நிறுவனங்களில் பல ஈபான் பாக்ஸ் தருகின்றன, பெரிய நிறுவனங்களில் பெரும்பாலும் ஜிபான். ஒன்று மற்றதன் லைனில் பேசாது. இரண்டையும் ஏற்கும் எக்ஸ்பான் பாக்ஸாக இருந்தாலும், அதன் வரிசை எண்ணைப் புது நிறுவனம் தன் கருவியில் பதிந்தால்தான் உயிர் வரும். ஒயர் முனையும் பார்க்க வேண்டியது. பச்சை முனையை நீல முனைக்கான துளையில் செருகினால் ஒளி சிதறி, நெட் வரும், போகும். “உங்க வைஃபைதான் பிரச்சனை” என்று டெக்னீஷியன் சொல்லும் பல வீடுகளில் கோளாறு இங்கே இருக்கிறது. ஃபைபரில் வரும் ஒளியின் அளவைக் காட்டும், அவர் கையில் இருக்கும் பவர் மீட்டரில் மைனஸ் 15 முதல் மைனஸ் 25 டி.பி.எம். வரை காட்டினால் நல்லது. மைனஸ் 27-ஐத் தாண்டி மைனஸ் 28, 29 என்று போனால் அன்றே இணைப்பைச் சரிசெய்யச் சொல்லுங்கள், அவர் கிளம்பிய பிறகு அதே ஆளைப் பிடிப்பது கடினம்.

நிறுவனத்தைத் தேர்ந்தெடுக்க விளம்பர வேகத்தைவிட, உங்கள் மாடியில் யாரிடம் எது ஓடுகிறது என்பதே நல்ல வழிகாட்டி. இரவு 8 முதல் 11 மணிக்குள், வைஃபையில் இல்லாமல் லேன் ஒயரில் வேகத்தை அளந்து பாருங்கள். வீட்டுக்குள் ஃபைபர் வருமா, அல்லது மாடிப் பெட்டிவரை ஃபைபர் வந்து அங்கிருந்து லேன் ஒயரா என்று கேளுங்கள். அலுவலக வி.பி.என்., சிசிடிவி உள்ளவர்கள் பொது ஐ.பி. (உங்கள் இணைப்புக்கே உரிய இணைய முகவரி) கிடைக்குமா என்றும் கேட்க வேண்டும். பல நிறுவனங்கள் ஒரே ஐ.பி.யைப் பல வீடுகளுக்குப் பகிர்வதால் வெளியிலிருந்து கேமரா பார்க்க முடியாமல் போகும். வேலைக்கு அவசரம் என்றால் ஒயர் இல்லாமல் 5ஜி அலைவரிசையில் வரும் ஏர்ஃபைபரை ஒரு மாதத்துக்கு எடுங்கள். மொட்டை மாடியில் கருவி பொருத்தச் சங்கத்தின் அனுமதி வேண்டியிருக்கும். எதுவானாலும் முதல் தடவை மாதக் கட்டணம்தான் கட்டுங்கள். ‘12 கட்டினால் 14’ என்ற சலுகைக்கு உள்ளே இருப்பது உங்கள் பணத்தை வட்டியில்லாக் கடனாக வாங்கும் ஏற்பாடு.

‘ஒரு கம்பெனியோடதான் அக்ரிமென்ட்’ என்பதற்கு வருவோம். உரிமம் பெற்ற நிறுவனம் வழியுரிமைக்காக, அதாவது ஓரிடத்தின் வழியே ஒயர் கொண்டுபோகும் உரிமைக்காக, தனக்கு மட்டுமே என்ற தனியுரிமை ஒப்பந்தம் போடக் கூடாது என்பது உரிம நிபந்தனைகளிலேயே இருக்கிறது. செயலாளரிடம் வாய்ச்சண்டை வேண்டாம். அந்த ஒப்பந்தத்தின் நகலும், அதை ஏற்ற பொதுக்குழுத் தீர்மானத்தின் நகலும் கேட்டு ஒரு கடிதம் கொடுத்து, கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். அப்படித் தீர்மானமே இல்லாத சங்கங்கள் நிறைய. வாடகை வீடு என்றால், இணைப்புக்கு ஆட்சேபணை இல்லை என்று வீட்டு உரிமையாளரிடம் இரண்டு வரி வாங்குங்கள். சுவரைத் துளைப்பது எங்கே என்பதையும் அதிலேயே எழுதிவிட்டால் பின்னால் அட்வான்ஸில் பிடிக்க மாட்டார்கள்.

15 நாளில் பதில் வராவிட்டால் முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. செலவில்லை, பல நிறுவனங்கள் இந்தக் கட்டத்திலேயே இறங்கி வருகின்றன. டிராய்க்கு எழுதிக் காத்திருக்காதீர்கள், தனிநபர் புகாரை அது விசாரிப்பதில்லை. கம்பெனிக்கு மேல்முறையீட்டு அதிகாரி இருந்தால் அங்கே போகலாம், அவர் 39 நாளில் முடிவு சொல்ல வேண்டும். ஆனால் அது முடிந்தால்தான் நுகர்வோர் ஆணையம் என்று கட்டாயமில்லை. தொலைத்தொடர்புச் சண்டை நுகர்வோர் ஆணையத்தில் நிற்காது என்று 2009 தீர்ப்பு ஒன்றைக் காட்டி மிரட்டிய காலம் போய்விட்டது. 2022 பிப்ரவரி 16 அன்று வோடஃபோன் ஐடியா வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்தத் தடை இல்லை என்று தெளிவாக்கியது. 2019 சட்டமும் ‘சேவை’ என்ற சொல்லுக்குள் தொலைத்தொடர்பைச் சேர்த்திருக்கிறது.

நீங்கள் குடியிருக்கும் இடத்திலேயே வழக்குப் போடலாம், கம்பெனியின் தலைமையகம் எங்கே இருந்தாலும் சரி. பெரம்பூருக்கு சென்னை வடக்கு மாவட்ட ஆணையம். தாம்பரம், பல்லாவரம் வாசகர்களுக்குச் செங்கல்பட்டு. இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் கிடையாது. கேட்கும் இழப்பீட்டை இதற்குக் கணக்கில் எடுப்பதில்லை. முதல் எதிர்தரப்பாக உரிம நிறுவனம், இரண்டாவதாகக் கேபிள்காரர், இருவரையும் சேருங்கள். இரண்டாமவரை விட்டுவிட்டால், பூட்டிய கம்பெனி மீதான ஒருதலைத் தீர்ப்பு மட்டும் கையில் இருக்கும். ஆணையத்தின் உத்தரவை மதிக்காவிட்டால் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 72-ஆம் பிரிவின்படி ஒரு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை உண்டு. தெருவில் கடை வைத்திருப்பவரை அந்தப் பிரிவு தொடும் வேகம் வேறு. ஸ்கிரீன்ஷாட்களோடு, மின்னணு ஆதாரத்துக்கு வேண்டிய பாரதிய சாட்சிய சட்டம் 63-ஆம் பிரிவுச் சான்றிதழையும் இணைத்துவிடுங்கள்.

“வீட்டிலிருந்து வேலை பார்ப்பது வணிக நோக்கம், நீங்கள் நுகர்வோர் அல்ல” என்று எதிர்தரப்பு சொல்லக்கூடும். நீங்கள் சம்பளத்துக்கு வேலை செய்பவர், நெட்டை விற்பவர் அல்ல. அந்த வாதம் ஓடாது. ஆனால் வேலை போன நாளுக்கான சம்பள இழப்பை முழுதாக எதிர்பார்க்க வேண்டாம். அலுவலகத்தின் சம்பளப் பிடித்தக் கடிதம் இருந்தால் மட்டும் கேளுங்கள், இல்லாவிட்டால் மன உளைச்சலுக்கும் செலவுக்கும் ஒரு நியாயமான தொகை போதும். ஐந்து லட்சம் கேட்டு எழுதிய மனுவைப் பார்த்தால் 7,535 ரூபாயின் நியாயமும் மங்கிவிடும்.

கம்பெனி திவால் நடவடிக்கைக்குப் போய்விட்டால், அதன் மீதான வழக்குகளை நிறுத்திவைக்கும் தடைக்காலத்தில் ஆணைய வழக்கு நகராது. அப்போது திவால் நடவடிக்கையை நடத்தும் தீர்வு அலுவலரின் பொது அறிவிப்பைத் தேடி, படிவம் ‘பி’-யில் உரிமை கோர வேண்டும். சேவைக்கு முன்பணம் கட்டியவரும் கம்பெனிக்குச் செயல்பாட்டுக் கடன் கொடுத்தவராகவே கருதப்படுவார் என்று 2022-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. இந்த வழியில் 7,535-இல் எவ்வளவு திரும்பும் என்பது சந்தேகமே. அதனால் ஜூன் 1-லிருந்து ஓடும் இரண்டாண்டுக் கெடு இருக்கிறதே என்று சும்மா இருக்காமல், கேபிள்காரரின் கடை திறந்திருக்கும்போதே அவருக்கும் ஒரு நோட்டீஸ் அனுப்பிவிடுங்கள்.