டிடபிள்யூஜி தொல்லைகள்: வடசென்னையிலிருந்து ஐந்து கேள்விகள்

வியாசர்பாடியில் லேசர் கட்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். வாடிக்கையாளர்கள் ஆட்டோகேட் வரைபடத்தைச் சேமிக்கும் டிடபிள்யூஜி கோப்பையே அனுப்புகிறார்கள். ஆட்டோகேட் வாங்கக் கட்டுப்படியாகாது. திறமூலக் கருவிகளை நம்பலாமா?

படிப்பதற்கு நம்பலாம். முதலில் அந்தக் கோப்பை நோட்பேடில் திறந்து பாருங்கள். எல்லாம் குப்பையாகத்தான் தெரியும், ஆனால் முதல் ஆறு எழுத்துகளை வாசிக்க முடியும். ஏசி1015 என்றிருந்தால் ஆட்டோகேட் 2000 வடிவம். 1018 என்றால் 2004, 1021 என்றால் 2007, 1024 என்றால் 2010, 1027 என்றால் 2013, 1032 என்றால் 2018. கோப்பு திறக்கவில்லை என்று எனக்கு எழுதுகிறவர்களில் பலர் இதைப் பார்த்திருப்பதே இல்லை.

டிடபிள்யூஜியின் உள்ளமைப்பை, ஆட்டோகேடைத் தயாரிக்கும் ஆட்டோடெஸ்க் நிறுவனம் வெளியிடவில்லை. மற்றவர்கள் பிரித்துப் பார்த்துத் தெரிந்துகொண்டதுதான் நம் கையில் இருக்கிறது. குனூ என்ற கட்டற்ற மென்பொருள் திட்டத்தின் லிப்ரேடிடபிள்யூஜி நூலகம் (பிற மென்பொருள்கள் எடுத்துப் பயன்படுத்தும் நிரல் தொகுப்பு) அப்படிப் பிறந்தது. சி மொழியில் எழுதியது. டிடபிள்யூஜியை, மென்பொருள்களுக்கிடையே வரைபடம் பரிமாறும் டிஎக்ஸ்எஃப் வடிவமாக மாற்றும் சிறு கருவி அதனுடனேயே வருகிறது. டிடபிள்யூஜியாகத் திரும்ப எழுதுவதில் 2000 வடிவம் வரைதான் அதை நம்புவேன். உங்கள் மெஷினுக்கு டிஎக்ஸ்எஃப் போதும் என்பதால் அந்தக் கவலை உங்களுக்கு வேண்டாம்.

ஓபன் டிசைன் அலையன்ஸ் என்ற கூட்டமைப்பு தரும் கோப்பு மாற்றியும் நன்றாக வேலை செய்கிறது, காசும் இல்லை. ஆனால் அது திறமூலம் அன்று. பெயரில் இருக்கும் 'ஓபன்' பலரை ஏமாற்றிவிடுகிறது.

திருவொற்றியூரிலிருந்து எழுதும் மாணவன் நான். பைத்தானில் டிஎக்ஸ்எஃப் படித்து வெட்டும் பாதை எடுக்கிறேன். வளைந்த மூலைகள் எல்லாம் நேர்கோடாகிவிடுகின்றன. ஏன்?

தம்பி, நீங்கள் 42ஆம் எண்ணைப் படிக்காமல் தாண்டியிருப்பீர்கள்.

டிஎக்ஸ்எஃப் கோப்பில் எல்லாம் இரண்டிரண்டு வரியாக வரும். மேல் வரியில் ஒரு குறியீட்டு எண், கீழ் வரியில் அதன் மதிப்பு. 8 என்றால் லேயர் பெயர், 10 என்றால் எக்ஸ், 20 என்றால் ஒய். பாலிலைன் என்பது கோடுகளும் விற்களும் தொடர்ந்து இணைந்த ஒரே உருவம்; அதன் ஒவ்வொரு முனைக்கும் 42 என்ற எண்ணும் வரலாம். அதற்கு 'பல்ஜ்' என்று பெயர். அந்த முனையிலிருந்து அடுத்த முனைவரை போகும் வில்லின் மையக் கோணத்தில் நாலில் ஒரு பங்கை எடுத்து, அதன் டேன்ஜென்ட் மதிப்பைப் போட்டிருப்பார்கள். 0 என்றால் நேர்கோடு, 1 என்றால் அரைவட்டம், 0.4142 என்றால் கால்வட்டம். மதிப்புக்கு முன் கழித்தல் குறி இருந்தால் வில் கடிகார முள் திசையில் திரும்பும். எக்ஸையும் ஒய்யையும் மட்டும் எடுத்துக்கொண்டால் கால்வட்ட மூலை சீவிவிட்டதுபோல் சரிவாகிவிடும்.

இந்தத் தவற்றை நானும் செய்திருக்கிறேன். மண்ணடியில் வாங்கி வந்த 3 மி.மீ. தகட்டில் பன்னிரண்டு துண்டுகளை வெட்டிய பிறகுதான் மூலையைத் தடவிப் பார்த்தேன்.

ஈஇசட்டிஎக்ஸ்எஃப் (ezdxf) என்ற பைத்தான் நூலகத்தைப் பயன்படுத்துங்கள். கட்டுப்பாடு குறைந்த எம்ஐடி உரிமம் உடையது; ஆர்12 முதல் 2018 வரையான வடிவங்களைப் படித்து எழுதும். பாலிலைனைக் கோடுகளாகவும் விற்களாகவும் அதுவே பிரித்துத் தரும். ஸ்ப்லைன் வளைவை நீங்கள் சொல்லும் பிழை வரம்புக்குள் சிறு கோடுகளாக உடைக்கும். சேதமான கோப்பை மீட்டுப் பார்க்கும் பகுதியும் அதில் உண்டு.

ராயபுரத்தில் விசைப்படகுகளுக்கு உதிரிபாகம் செய்கிறோம். வந்த டிராயிங்கைத் திறந்தால் பாகம் குண்டூசி அளவில் தெரிகிறது. நூலகத்தின் பிழையா?

இல்லை. டிஎக்ஸ்எஃப்பில் எண்தான் இருக்கும், அங்குலமா மில்லிமீட்டரா என்பது எண்ணோடு ஒட்டி வராது. கோப்பின் தலைப்பகுதியில் 'இன்ஸ்யூனிட்ஸ்' என்று ஒரு மதிப்பு உண்டு: 1 அங்குலம், 4 மி.மீ., 6 மீட்டர், 0 என்றால் எதுவும் சொல்லப்படவில்லை. வரைந்தவர் அதைச் சரியாக வைத்திருப்பார் என்று நம்பாதீர்கள். தெரிந்த ஒரு போல்ட் துளையை அளந்து பாருங்கள். 25.4 மடங்கு சிறிதாக இருந்தால் அங்குலத்தில் வரைந்தது, ஆயிரம் மடங்கு என்றால் மீட்டரில்.

கொருக்குப்பேட்டையில் கட்டட வரைபடம் போடுகிறேன். பழைய கோப்புகளில் தமிழில் எழுதிய குறிப்புகள், மாற்றிய பிறகு ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக வருகின்றன. மீட்க முடியுமா?

முடியும். இது கோப்பு கெட்டுப்போனதல்ல, எழுத்துரு விட்டுப்போனது. பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள் ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் வடிவத்தை உட்கார வைத்தவை. பாமினியில் 'தமிழ்' என்று அடித்தால் கோப்புக்குள் ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி என்றுதான் பதிவாகும். மாற்றும் நூலகம் கோப்பில் இருந்ததை அப்படியே கொடுத்துவிட்டது. அதைத் திட்டிப் பயனில்லை.

ஒவ்வோர் எழுத்துக்குறிப்புக்கும் ஒரு 'ஸ்டைல்' உண்டு, ஸ்டைல் பட்டியலில் எழுத்துருவின் பெயர் இருக்கும். தமிழ் எழுத்துரு உள்ள ஸ்டைல்களை மட்டும் பிரித்தெடுத்து யூனிகோடுக்கு மாற்றுங்கள். எல்லாவற்றையும் ஒரேயடியாக மாற்றினால் ஆங்கிலத்தில் எழுதிய அளவுக் குறிப்புகளும் தமிழாகிச் சிரிக்கும். இன்னொரு கண்ணி: 'கெ' என்பதில் கொம்பைப் பாமினி முன்னால் வைக்கும், யூனிகோடு பின்னால் வைக்கும். எழுத்துக்கு எழுத்து மாற்றினால் போதாது, வரிசையையும் திருப்ப வேண்டும்.

மாற்றியதை 2007 அல்லது அதற்குப் பிந்தைய டிஎக்ஸ்எஃப் ஆகச் சேமியுங்கள். அந்த வடிவம் முதல்தான் டிஎக்ஸ்எஃப் யூடிஎஃப்-8 குறியாக்கத்துக்கு வந்தது. அதற்கு முந்தையவற்றில் ஒவ்வொரு தமிழ் எழுத்தும் சாய்கோடு, யூ, கூட்டல் குறி, நாலு இலக்கம் என்று நீண்டுகிடக்கும்.

எம்.கே.பி. நகரில் சிறிய மென்பொருள் நிறுவனம் நடத்துகிறோம். லிப்ரேடிடபிள்யூஜியை எங்கள் மென்பொருளில் சேர்த்து விற்கலாமா? ஸ்டெப் கோப்புக்கு எதை எடுப்பது?

விற்கலாம். ஆனால் அதன் உரிமம் ஜிபிஎல் என்ற திறமூல உரிமத்தின் 3ஆம் பதிப்பு; உங்கள் மென்பொருளுடன் இணைத்து விற்றால், உங்கள் மூலநிரலையும் அதே உரிமத்தில் வாங்குபவர்களுக்குத் தர வேண்டும். லிப்ரேகேட் என்ற திறமூல வரைபட மென்பொருளே இந்த முட்டுக்கட்டையில் சிக்கியது. அது ஜிபிஎல் 2இல் இருந்ததால் லிப்ரேடிடபிள்யூஜியைச் சேர்க்க முடியாமல், லிப்டிஎக்ஸ்எஃப்ஆர்டபிள்யூ என்ற வேறு நூலகத்தை வைத்துக்கொண்டது. நீங்கள் சி ஷார்ப்பில் எழுதுகிறீர்கள் என்றால் ஏகேட்ஷார்ப்பைப் பாருங்கள்: எம்ஐடி உரிமம், டிடபிள்யூஜியும் டிஎக்ஸ்எஃப்பும் இரண்டும் படிக்கும். ஸ்டெப் கோப்பு பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். அது முப்பரிமாண வடிவம், இந்த நூலகங்கள் எதுவும் அதைத் தொடாது. ஃப்ரீகேட் என்ற திறமூல முப்பரிமாண மென்பொருளுக்கு அடித்தளமான ஓப்பன் கேஸ்கேட் நூலகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கற்றுக்கொள்ளச் சில மாதம் ஒதுக்கிவிட்டு எடுங்கள்.