டீச்சர் பதில்கள்: ஊர் எது, தெரு எது?

கேள்வி: ‘இந்தக் காலத்தில் யார் சாதி பார்க்கிறார்கள்?’ என்று என் மருமகன் அடித்துச் சொல்கிறார். நீங்கள் என்ன சொல்கிறீர்கள் டீச்சர்?
வாசகர், அருப்புக்கோட்டை

பதில்: மாப்பிள்ளை கடைசியாக வாடகைக்கு வீடு தேடியது எப்போது என்று கேட்டுப் பாருங்கள்.

என்னோடு வேலை பார்த்த கணக்கு டீச்சர் மாற்றலாகிச் சென்னைக்கு வந்தபோது, வீடு பார்க்க நானும் கூடப் போனேன். முதல் வீட்டு அம்மாள் உட்கார வைத்து மோர் கொடுத்தார். நல்ல மனுஷிதான், அதில் சந்தேகமில்லை. ‘எந்த ஊரும்மா?’ என்றார். சொன்னாள். ‘அங்கே எந்தத் தெரு?’ சொன்னாள். ‘பெருமாள் கோயிலுக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா?’ அவ்வளவுதான். சாதி என்ற வார்த்தையே வாயில் வரவில்லை. சாயங்காலம் போன் வந்தது: ‘பையன் வெளிநாட்டிலேர்ந்து வர்றான், இப்போதைக்கு வீட்டை விடுறதா இல்லை.’ 20 நாள் கழித்து அந்த வழியாகப் போனேன். ‘வீடு வாடகைக்கு’ அட்டை கேட்டில் ஆடிக்கொண்டிருந்தது.

ஐந்தாவது வீட்டில் அவள் என் ஊரையும் என் தெருவையும் சொன்னாள். சாவி கிடைத்துவிட்டது. அப்புறம்தான் கஷ்டமே. கூடத்தில் மாட்ட வேண்டிய அம்பேத்கர் படம் பீரோவுக்குள் போனது. ஊரிலிருந்து அப்பா வந்தால் பஸ் ஸ்டாண்டிலேயே பார்த்துப் பேசி, சாப்பாடு வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுவாள். பேச்சுவாக்கில் அவர் எதையாவது உளறிவிட்டால்? 6 வருஷம் இப்படி ஓட்டினாள்.

கேள்வி: தீண்டாமையைச் சட்டம் ஒழித்துவிட்டதே, பிறகு எப்படி?
வாசகி, சிதம்பரம்

பதில்: ஒழித்ததுதான். அரசியல் சட்டத்தின் 17ஆவது பிரிவு அதற்கென்றே இருக்கிறது. 15ஆவது பிரிவு கடை, ஓட்டல், கிணறு, குளம் என்று பெயர் சொல்லியே கதவைத் திறந்துவிட்டது. 1955இல் தண்டனைக்கும் தனிச் சட்டம் வந்தது. டீக்கடையில் தனி கிளாஸ் வைத்தால் வழக்குப் போடலாம்.

கடைக்காரரும் லேசுப்பட்டவரா என்ன? ஒரு கிராமத்துக் கடையில் எனக்குக் கண்ணாடி கிளாஸ், பின்னால் நின்றவருக்குக் கேட்காமலே பேப்பர் கப். விசாரித்தால், ‘சுத்தம்தானே டீச்சர், குடிச்சுட்டுத் தூக்கிப் போட்டுறலாம்’ என்றார். அவ்வளவு சுத்தமென்றால் எனக்கும் அதிலேயே கொடுத்திருக்கலாமே! (பிளாஸ்டிக் பூசிய பேப்பர் கப்புக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை. அது குப்பைக்காக வந்த தடை.)

வீட்டு விஷயத்தில் சட்டத்தின் கை இன்னும் குட்டை. பார்சிகளை மட்டுமே உறுப்பினராகச் சேர்ப்போம் என்ற அகமதாபாத் வீட்டுவசதிச் சங்கத்தின் விதி செல்லும் என்று 2005இல் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. அவர்களாவது விதியை எழுதி வைத்திருந்தார்கள். ‘பையன் வர்றான்’ என்கிறவரிடம் எதைப் போய் நிரூபிப்பது?

கேள்வி: அறியாமைதானே காரணம்? படிப்பு பெருகினால் போய்விடாதா?
வாசகர், கோபிசெட்டிபாளையம்

பதில்: நானும் அப்படி நம்பித்தான் 31 வருஷம் பாடம் நடத்தினேன். ஆறாம் வகுப்பில் சேரும்போது வெறுங்கையோடு வருகிற பையன், ஒன்பதாம் வகுப்பில் மணிக்கட்டில் கலர் கயிற்றோடு நிற்பான். எந்தக் கலர் எந்தச் சாதிக்கு என்று அவன் சொல்லித்தான் எனக்கே தெரியும். கட்டிவிட்டது யார் என்று பார்த்தால், காலேஜ் முடித்த அண்ணன்கள்.

நாங்குநேரியில் 2023 ஆகஸ்டில் ஒரு மாணவரையும் அவர் தங்கையையும் வீடு புகுந்து வெட்டியவர்கள் கூடப் படித்த பையன்கள். அதன் பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில் கயிற்றைத் தடை செய்யச் சொன்னது. சரி, அறுத்துவிடலாம். ஆனால் அந்தக் கயிற்றால் அவனுக்கு லாபம் இருக்கிறது. பஸ்ஸில் ஜன்னல் சீட்டு, மைதானத்தில் முதல் பேட்டிங், வம்பு வந்தால் கூட நிற்க நாற்பது பேர். மார்க் வாங்காமல், ஓடி ஜெயிக்காமல், சும்மா கிடைக்கிற மரியாதை. யாருக்கு விட மனசு வரும்?

கேள்வி: ஊருக்கெல்லாம் சொல்கிறீர்கள். உங்களிடம் அந்தப் பாகுபாடு இல்லையா?
பெயர் வேண்டாம் என்ற வாசகி

பதில்: இருந்தது. வீட்டு வேலைக்கு வரும் அக்காவுக்கென்று ஒரு டம்ளர் எங்கள் சமையலறை ஜன்னலில் தனியாகக் கவிழ்ந்திருக்கும். ‘அவங்க டம்ளர்’ என்றே பெயர். 11 வருஷமாக ஏன் என்று எனக்குத் தோன்றவில்லை, பேத்தி கேட்டாள். அன்றே அதை எடுத்து மற்றவற்றோடு அடுக்கினேன். மறுநாள் கைக்குக் கிடைத்த டம்ளரில் காபி ஊற்றிக் கொடுத்தேன். அக்கா வாங்கிக்கொண்டார். அடுக்கில் துழாவி, விளிம்பு நசுங்கிய தன் பழைய டம்ளரைத் தேடி எடுத்து, அதில் ஊற்றிக்கொண்டு கொல்லைப்புறப் படியில் போய் உட்கார்ந்தார். இன்றைக்குக் காலையிலும் அப்படித்தான் குடித்தார்.