கேள்வி – பதில்: சொந்தமாகத் தெரபி செய்பவரின் ஓய்வுக் கணக்கு

தனியாக பிராக்டீஸ் நடத்தும் உளவியல் ஆலோசகர்கள் அனுப்பிய கேள்விகளில் ஐந்துக்கு இந்த இதழில் பதில்.

கேள்வி: ஒரு நாளைக்கு ஏழு, எட்டு செஷன் எடுக்கிறேன். மாலையில் வரும் கிளையன்ட் சொல்வது காதில் விழுகிறது, மனதில் ஏறுவதில்லை. எத்தனை பேரோடு நிறுத்திக்கொள்ளலாம்?

முதலில், ஒரு செஷன் உண்மையில் எவ்வளவு நேரத்தை விழுங்குகிறது என்று பாருங்கள். பேச்சு 50 நிமிடம். குறிப்பு எழுத 10 நிமிடம். நேரம் மாற்றிக் கொடுப்பது, பணம் வந்ததா என்று பார்ப்பது, பழைய குறிப்பைப் புரட்டுவது, சூப்பர்விஷன் (நம் கேஸ்களை அனுபவமுள்ள இன்னொரு ஆலோசகரிடம் பேசி வழிகாட்டல் பெறுவது), படிப்பு என எல்லாவற்றையும் பங்கு பிரித்தால் இன்னொரு அரை மணி நேரம் சேரும். ஆக ஒரு செஷனுக்கு 90 நிமிடம். எட்டு செஷன் என்றால் 12 மணி நேரம். எட்டு மணி நேர வேலை என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருப்பது இதைத்தான்.

வாரத்துக்கு 20 செஷன் என்றால் 30 மணி நேரம், 25 என்றால் 37.5. முழுநேரமாகச் செய்பவருக்கு இந்த 20-25தான் தாங்கும் அளவு என்பது எங்கள் கருத்து. ஒரு நாளைக்கு ஐந்து போதும், ஆறாவது என்றைக்காவது. வன்முறை, துர்மரணம், பாலியல் கொடுமை போன்றவற்றைப் பேசும் செஷனை இரண்டாக எண்ணுங்கள். அதை நாளின் கடைசியில் வைக்காதீர்கள்.

50 நிமிடம் பேசி, மணி அடித்ததும் அடுத்தவரை அழைப்பவருக்கு 10 நிமிட இடைவெளி இருப்பது காகிதத்தில் மட்டும்தான். பேச்சு நான்கு நிமிடம் நீளும், கதவருகே நின்று இரண்டு நிமிடம் பேசுவார், மிஞ்சுவது நான்கு. அதில் கழிவறைக்குப் போவதா, குறிப்பு எழுதுவதா? 15 நிமிடம் விடுங்கள். மூன்று செஷனுக்குப் பிறகு 45 நிமிடமாவது வேண்டும். இடைவெளியின் முதல் ஐந்து நிமிடத்தில் குறிப்பை முடித்துவிட்டு எழுந்து நடங்கள், தண்ணீர் குடியுங்கள், ஜன்னல் வழியே தூரத்தில் எதையாவது பாருங்கள். போனை எடுக்காதீர்கள். அதிலும் யாராவது உங்களிடம் எதையாவது கேட்டுக்கொண்டுதான் இருப்பார்கள்.

உங்கள் அளவு எது என்று தெரிந்துகொள்ள ஒரு வழி இருக்கிறது. கடந்த இரண்டு வாரக் குறிப்புகளை எடுத்து, ஒவ்வொரு நாளின் முதல் செஷன் குறிப்பையும் கடைசி செஷன் குறிப்பையும் அருகருகே வையுங்கள். காலையில் கிளையன்ட் சொன்ன வார்த்தை அப்படியே இருக்கும். மாலையில் "சென்ற வாரம் போலவே" என்ற ஒற்றை வரி இருக்கும். எத்தனையாவது செஷனில் குறிப்பு சுருங்கத் தொடங்குகிறதோ, அதற்கு முந்தையதோடு நிறுத்துங்கள். தற்கொலை எண்ணத்தைக் கோடி காட்டும் ஒரு சொல் நழுவிப்போவதும் அந்தச் சுருங்கிய நேரத்தில்தான் என்பதால் இது கிளையன்டின் பாதுகாப்பையும் சேர்ந்த விஷயம்.

கேள்வி: இரவு பதினொரு மணிக்கும் வாட்ஸ்அப்பில் செய்தி வருகிறது. பதில் போடாமல் இருந்தால் தூக்கம் வரவில்லை. போட்டாலும் வரவில்லை.

வேலைக்கென்று தனி எண், முடிந்தால் தனிப் போன் வைத்துக்கொள்ளுங்கள். வேலை முடிந்ததும் அது மேஜை இழுப்பறைக்குள் போக வேண்டும். தானியங்கிப் பதிலில் இப்படி எழுதலாம்: "இந்த எண்ணுக்கு வரும் செய்திகளை வேலை நாட்களில் காலை 10 மணிக்கும் மாலை 5 மணிக்கும் பார்ப்பேன். நேரம் மாற்றுவதற்கு மட்டும் இதைப் பயன்படுத்துங்கள். மற்றவற்றை செஷனில் பேசுவோம். உயிருக்கு ஆபத்து என்று தோன்றினால் என் பதிலுக்குக் காத்திருக்காமல் அவசர உதவி எண்ணை அழையுங்கள், அல்லது அருகிலுள்ள மருத்துவமனைக்குச் செல்லுங்கள்." முதல் செஷனிலேயே இதை வாயாலும் சொல்லிவிடுங்கள்.

விதி உடைவது பெரும்பாலும் நம் கையால்தான். ஒன்பது இரவு பேசாமல் இருந்து பத்தாவது இரவு பதில் போட்டால், காத்திருந்தால் கிடைக்கும் என்று கற்றுக்கொடுத்ததாகிறது. எப்போது கிடைக்கும் என்று தெரியாத பலன்தான் ஒரு பழக்கத்தை விடாப்பிடியாக்கும். நடத்தை உளவியலின் பாலபாடம் இது, நமக்கே மறந்துபோகிறது.

தற்கொலை அபாயம் உள்ள கிளையன்டை இரவில் உங்கள் போனை மட்டும் நம்பியிருக்கும்படி விடக்கூடாது. நீங்கள் தூங்குவீர்கள், சிக்னல் இருக்காது. செஷனிலேயே உட்கார்ந்து பாதுகாப்புத் திட்டம் ஒன்றை எழுதுங்கள். நிலைமை மோசமாவதற்கான முன் அறிகுறிகள், தானே செய்துபார்க்கக்கூடியவை, மனதைத் திருப்பும் ஆட்களும் இடங்களும், உதவி கேட்கக்கூடியவர்கள், அவசர உதவி எண்கள், மாத்திரை போன்ற ஆபத்தான பொருட்களை வீட்டில் யார் எடுத்து வைப்பது என்பது. ஒரு பிரதி அவரிடம், ஒன்று உங்களிடம்.

கேள்வி: லீவு எடுத்தால் வருமானம் போகிறது. சம்பளக்காரர்கள் போல நாங்கள் எப்படி ஓய்வெடுப்பது?

லீவைக் கட்டணம் நிர்ணயிக்கும்போதே எடுத்துவிட வேண்டும். ஆண்டுக்கு 52 வாரம். நான்கு வாரம் விடுப்பு, ஒரு வாரம் காய்ச்சல் தலைவலிக்கு, ஒரு வாரம் பயிற்சிக்கு. மிச்சம் 46. வாரத்துக்கு 20 செஷன் என்றால் 920. பத்தில் ஒன்று ரத்தாகும் என்று வைத்தால் 828. வீட்டுச் செலவு, அறை வாடகை, வரி, காப்பீடு, சூப்பர்விஷன் கட்டணம் எல்லாவற்றையும் சேர்த்த ஆண்டுத் தேவையை 828ஆல் வகுத்தால் வருவதுதான் உங்கள் கட்டணம்.

பலரும் மனக்கணக்காக 52 வாரத்தை 25ஆல் பெருக்கி, 1,300ஆல் வகுத்துவிடுகிறார்கள். வரும் கட்டணம் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் குறைந்துபோகிறது. அந்தப் பள்ளத்தை நிரப்பத்தான் ஞாயிற்றுக்கிழமையும் செஷன். சோர்வு என்று சூப்பர்விஷனில் பேசப்படுவதில் ஒரு பகுதி இந்த வகுத்தல் கணக்கின் பிழை.

வருமானத்தில் 100க்கு 12ஐத் தனிக் கணக்கில் போட்டு வாருங்கள் (52ல் ஆறு வாரத்தின் பங்கு ஏறக்குறைய அவ்வளவு). லீவு வாரத்தில் அதிலிருந்து உங்களுக்கு நீங்களே சம்பளம் கொடுங்கள். ரத்து விதி (எவ்வளவு முன்பே சொல்லி ரத்து செய்தால் கட்டணம் இல்லை என்பது) 24 மணி நேரமா 48 மணி நேரமா என்பதையும், எந்தக் காரணத்துக்கு விலக்கு என்பதையும் ஒப்பந்தத்தில் எழுதி வையுங்கள். போனில் அழுகைக் குரல் கேட்கும்போது அதை முடிவு செய்யப் பார்த்தால் விதி நிற்காது.

நீண்ட விடுப்பை ஆறு வாரம் முன்பே சொல்லுங்கள், அதுவும் செஷனின் தொடக்கத்தில். கைவிடப்பட்ட அனுபவம் உள்ள கிளையன்டுக்கு அது கோபமாகவோ மௌனமாகவோ வெளிப்படும். அதைப் பேச நேரம் வேண்டும். திரும்பும் தேதியையும், இடையில் யாரை அணுகலாம் என்பதையும் எழுதிக் கொடுங்கள். திரும்பிய முதல் நாள் மூன்று செஷன் போதும். விட்டதையெல்லாம் அந்த வாரத்திலேயே அடைத்தால் எடுத்த லீவு வீண்.

கேள்வி: விடுமுறை நாளிலும் கிளையன்டின் கதை மண்டைக்குள் ஓடுகிறது.

முடியாமல் நிற்கும் காரியத்தை மனம் சுமந்துகொண்டே இருக்கும். அடுத்து என்ன என்று எழுதிவிட்டால் இறக்கி வைக்கும். நாள் முடிவில் 15 நிமிடம் ஒதுக்கி, ஒவ்வொருவருக்கும் ஒரே ஒரு வரி எழுதுங்கள்: "அடுத்த முறை, அப்பாவின் கடிதத்தைப் படிக்காமல் வைத்திருப்பதிலிருந்து தொடங்கலாம்." பிறகு ஃபைலைப் பூட்டுங்கள். உடை மாற்றிக்கொண்டு பத்து நிமிடம் நடங்கள். வீட்டிலேயே செஷன் எடுப்பவருக்கு இந்த நடை இன்னும் அவசியம், ஏனென்றால் வேலையிலிருந்து வீட்டுக்கு வரும் வழி என்று ஒன்று அவருக்கு இல்லை.

உளவியல் ஆய்வாளர்கள் சபீன் சோனென்டாக், சார்லட் ஃப்ரிட்ஸ் இருவரும் 2007-ல் வேலைக்குப் பிந்தைய மீட்சியை நான்காகப் பிரித்தார்கள்: வேலையிலிருந்து மனம் விலகுவது, உடல் தளர்வது, புதிதாக ஒன்றில் தேர்வது, நேரம் தன் கையில் இருப்பது. மூன்றாவதை ஆலோசகர்கள் அலட்சியம் செய்கிறார்கள். நம் வேலையின் பலன் மாதக்கணக்கில் கண்ணுக்குத் தெரியாது. தையல், தச்சு, நீச்சல் என்று அன்றைக்கே பலன் தெரியும் கைவேலை ஒன்று வேண்டும். ஓய்வு நாளில் நண்பர்கள் "நீதான் ஆலோசகர் ஆச்சே" என்று தங்கள் துக்கத்தைக் கொட்டினால் அது இன்னொரு செஷன்தான். "இன்றைக்கு என்னிடம் காது மட்டும்தான் இருக்கிறது, ஆலோசனை இல்லை" என்று சொல்லிவிடலாம்.

கிளையன்ட் சொன்ன காட்சி கனவில் வருகிறது, அவர் சொன்ன தெருவைப் போன்ற இடத்தைத் தவிர்க்கத் தோன்றுகிறது என்றால் மேலே சொன்னவை போதாது. சூப்பர்விஷனுக்குக் கொண்டுபோங்கள், அடுத்த மாதம் அல்ல, இந்த வாரமே.

கேள்வி: வெறும் களைப்பா, பர்ன்அவுட்டா? எப்படிக் கண்டுபிடிப்பது?

உலக சுகாதார நிறுவனம் பர்ன்அவுட்டை நோயாக அல்ல, வேலை சார்ந்த நிலையாகவே வகைப்படுத்துகிறது. சக்தி வற்றிப்போவது, வேலை மீது விலகலும் வெறுப்பும், திறன் குறைந்த உணர்வு ஆகிய மூன்றும் அதன் அடையாளங்கள். களைப்பு நான்கு நாள் தூங்கினால் தெளியும். கிளையன்ட் ரத்து செய்ததும் தவறாமல் நிம்மதி வருவது, மனதுக்குள் அவரைப் பெயரால் நினைக்காமல் "நாலு மணி கேஸ்" என்று நினைப்பது, இரண்டு வார லீவு முடிந்த முதல் காலையே அதே கனம் - இவை வேறு. ரத்தசோகை, தைராய்டு, மனச்சோர்வு இருக்கிறதா என்று ஒரு மருத்துவரிடமும் பார்த்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் பர்ன்அவுட் கணக்கில் எழுதிவிடக்கூடாது.

பர்ன்அவுட்தான் என்று தெரிந்து செஷன்களைக் குறைக்கும்போது இப்போதைய கிளையன்டுகளைத் திடீரென்று விடாதீர்கள். புதியவர்களை எடுப்பதை மூன்று மாதம் நிறுத்துங்கள். ஒரு கேஸ் இயல்பாக முடியும்போது அந்த நேரத்தை நாட்காட்டியில் "மூடியது" என்று குறித்துவிடுங்கள். காலியாக விட்டால் வாரக் கடைசிக்குள் யாராவது கேட்பார்கள், நீங்களும் கொடுத்துவிடுவீர்கள்.