கந்தக ஊசிகள் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

எச்ஐவிக்குத் தரும் ரிட்டோனவிர் மருந்து பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். நான் மருந்துக் கடை வைத்திருக்கிறேன். மூலக்கூறு மாறவில்லை, படிகத்தில் அது அடுக்கப்பட்ட விதம் மட்டும் மாறியது, அதனால் மருந்து சரியாகக் கரையாமல் போனது என்கிறீர்கள். எனக்கு இரண்டு சந்தேகம். ஒரு திடப்பொருள் உருகாமல், கரையாமல் உள்ளுக்குள்ளேயே எப்படி இடம் மாறும்? அப்புறம், புது வடிவம் ஒருமுறை பிறந்துவிட்டால் பழையதை உலகில் எங்குமே செய்ய முடியாது, பொருளுக்கு நினைவு உண்டு என்பதற்கு அதுவே சாட்சி என்று ஒரு காணொளியில் சொன்னார்கள். உண்மையா?

கே., கும்பகோணம்

அன்புள்ள கே.,

முதலில் என் தப்பைச் சொல்லிவிடுகிறேன். ரிட்டோனவிரில் நடந்தது திடத்துக்குள் நடந்த மாற்றம் இல்லை. 1996இல் வந்த அந்தக் கேப்ஸ்யூலுக்குள் மருந்து எத்தனாலும் நீரும் கலந்த கரைசலில் கரைந்திருந்தது. பழைய வடிவத்தைப் பொறுத்தவரை அது தெவிட்டாத கரைசல்தான், இன்னும் கொஞ்சம் கரைக்க இடம் இருந்தது. 1998இல் தலைகாட்டிய இரண்டாம் வடிவத்துக்கோ அது தாங்கும் அளவைப் பல மடங்கு மீறிய கரைசல். எனவே புது வடிவம் அதற்குள்ளேயே படிந்தது. கட்டுரையில் இதைப் பிரித்துச் சொல்லாமல் விட்டுவிட்டேன்.

நீங்கள் கேட்பதற்குக் கந்தகம்தான் நல்ல உதாரணம். எங்கள் பள்ளி ஆய்வகத்தில் ஆசிரியர் ஒரு கிண்ணத்தில் கந்தகத்தை உருக்கி ஆறவைத்தார். மேலே ஆடை கட்டியதும் இரண்டு இடத்தில் துளையிட்டு, உள்ளே உறையாமல் இருந்ததை வடித்துவிட்டார். ஆடையை நீக்கினால் தேன் நிறத்தில் பளபளவென்று ஊசிகள். அடுத்த வாரம் போய்ப் பார்த்தோம். அதே ஊசிகள், அதே நீளம், ஆனால் மங்கிப்போய் மஞ்சள் சாக்பீஸ் மாதிரி இருந்தன. ஒன்றைத் தொட்டேன், பொடிந்துவிட்டது.

பாடப்புத்தகம் பளபளத்த ஊசியை ஒற்றைச்சரிவு கந்தகம், மங்கியதைச் சாய்சதுர கந்தகம் என்று சொல்லி, புறவேற்றுமை வடிவங்கள் என்ற தலைப்பில் போட்டுவிட்டு நகர்ந்துவிடும். இரண்டிலும் மூலக்கூறு ஒன்றுதான், எட்டு அணு கொண்ட வளையம். வளையங்களை அடுக்கிய விதம்தான் வேறு. ஜெர்மன் வேதியியலாளர் மிட்சர்லிக் இந்த இரட்டை உருவத்தை 1823இலேயே கண்டார். சுமார் 95.5 டிகிரி செல்சியஸுக்கு மேல் ஊசி வடிவம் நிலையானது, அதற்குக் கீழே சாய்சதுரம். ஆய்வக மேசையில் இருந்த ஊசிகள் எப்படியும் மாறியாக வேண்டியவை.

எப்படி மாறின? எல்லா வளையங்களும் ஒரே நேரத்தில் திரும்பி நிற்பதில்லை. (சில பொருள்களில் ஏறக்குறைய அப்படியும் நடக்கும். அப்போது படிகம் சூட்டுத் தட்டிலிருந்து துள்ளி விழும். பார்க்க வேடிக்கையாக இருக்கும்.) நெரிசலான பேருந்தில் கொஞ்சம் இடம் கிடைத்தால்தானே நகர முடியும்? படிகத்திலும் விரிசல், அடுக்கில் பிசகு என்று இடம் தளர்ந்த மூலையில்தான் வேலை தொடங்குகிறது. அங்கே சில வளையங்கள் புது ஒழுங்கில் சேர்ந்துவிட்டால் அது ஒரு கரு. பிறகு கருவின் ஓரத்தில் இருக்கும் வளையம் பழைய அடுக்கை விட்டுப் புதியதில் ஒட்டிக்கொள்ளும், அடுத்து அதன் பக்கத்து வளையம். எல்லை இப்படியே ஊர்ந்து போகும். உருகவே வேண்டாம், ஓரத்தில் ஒரு சின்ன நகர்வு போதும். அடர்த்தி 1.96இலிருந்து 2.07ஆகக் கூடுவதால் உள்ளே இடைவெளி விழுகிறது. ஒளி சிதறி ஊசி மங்குகிறது. நான் தொட்டது ஊசியின் உருவத்தில் நின்றுகொண்டிருந்த பொடிப்பொடியான சாய்சதுரப் படிகங்களை.

நன்றாகக் குளிரவைத்தால் வேகமாக மாறுமோ என்று தோன்றும். குளிரக் குளிர மாற வேண்டிய காரணம் கூடுகிறது, மாறும் தெம்பு குறைகிறது. ஆழ்ந்த குளிரில் தெம்பின்மைதான் ஜெயிக்கும்.

இனி அந்த நினைவுக் கதை. ரிட்டோனவிரின் இரண்டாம் வடிவத்தைக் கையாண்ட குழு இத்தாலி ஆலைக்குப் போய்வந்தபின் அங்கேயும் அது தோன்றியது உண்மை. அதற்கு நினைவு எதற்கு? உடையில் ஒட்டிய கண்ணுக்குத் தெரியாத தூசு போதும். அதுவே கரு. பழைய வடிவமும் ஒழிந்துபோகவில்லை. கவனமாக விதையிட்டு அதை மறுபடி செய்துகாட்டினார்கள்.

உங்கள் கடைக்குப் பக்கத்து பேக்கரியிலேயே இன்னொரு சாட்சி இருக்கிறது. கோகோ வெண்ணெய்க்கு ஆறு படிக வடிவங்கள். நல்ல சாக்லெட்டில் இருப்பது ஐந்தாவது. சுமார் 34 டிகிரியில் உருகுவதால் நாக்கில் வைத்ததும் கரைகிறது. ஆறாவது அதைவிட நிலையானது, உருகுவது 36 டிகிரிக்குப் பக்கத்தில். மாதக்கணக்கில் அலமாரியில் கிடந்தால் ஐந்தாவது, திடமாக இருந்தபடியே, மெல்ல ஆறாவதாகும். மேலே வெள்ளை பூக்கும். (அது பூஞ்சை இல்லை, தாராளமாகச் சாப்பிடலாம்.) காணொளிக்காரர் சொல்வது சரியென்றால் ஆறாவது பிறந்த அன்றே ஐந்தாவது உலகிலிருந்து போயிருக்க வேண்டும். ஆலைகளிலோ உருகிய சாக்லெட்டில் ஐந்தாம் வடிவத்தின் சிறு படிகங்களை விதையாக உண்டாக்கியோ போட்டோ, தினமும் டன் கணக்கில் அதையே வார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.