சொரசொரப்பான சுவரில் நேர்கோடு வருமா?

ஹாலில் டெக்ஸ்சர் சுவர். மேலே வெள்ளை, கீழே பச்சை அடிக்கிறோம். மாஸ்கிங் டேப் ஒட்டியும் பச்சை கசிந்து கோடு பல்லுப் பல்லாக வருகிறது. விலை கூடின டேப் வாங்கட்டுமா?

டேப்பை மாற்றினால் மட்டும் தீராது. டேப் மேடுகளில்தான் ஒட்டுகிறது, பள்ளங்களில் இடைவெளி விட்டு நிற்கிறது, பெயிண்ட் அந்த வழியாக உள்ளே ஓடிவிடுகிறது. அதனால் முதலில் வெள்ளையைக் கோட்டுக்குக் கொஞ்சம் கீழே வரைக்கும் அடித்து ஒரு நாள் காயவிடுங்கள். ரசமட்டம் வைத்துக் கோடு போட்டு, டேப் ஒட்டி, அதன் கீழ் விளிம்பை விரலால் பள்ளம் பள்ளமாக அழுத்துங்கள். உடனே பச்சையை எடுக்காதீர்கள்! அதே வெள்ளையை அந்த விளிம்பு மேல் மெல்லிசாக ஒரு கை இழுங்கள். கசிவதெல்லாம் வெள்ளையாகவே கசிந்து, சுவரோடு சுவராகி, காயும்போது இடுக்குகளையும் அடைத்துவிடும். அது காய்ந்த பிறகு பச்சை, அதையும் பிரஷ்ஷில் கொஞ்சமாகத் தொட்டு. பெயிண்டர் ‘இதெல்லாம் எதற்கு’ என்று சொன்னாலும் இந்த ஒரு கை வெள்ளையை மட்டும் கேட்டு அடிக்க வைத்துவிடுங்கள், பலன் முழுக்க இதில்தான் இருக்கிறது.

டேப்பை எப்போது உரிப்பது?

கடைசிக் கோட் ஈரமாக இருக்கும்போதே, பின்பக்கமாக மடித்து மெதுவாக. காய்ந்துவிட்டதா? விளிம்பில் பிளேடால் லேசாகக் கீறிவிட்டு உரியுங்கள், இல்லாவிட்டால் பெயிண்டும் தோலாகக் கூடவே வரும்.

சீலிங் வழவழப்பு, சுவர் சொரசொரப்பு. இரண்டும் சேரும் மூலையில் கோடு நெளிகிறது.

கோட்டை வழவழப்பான பக்கத்துக்கு நகர்த்துங்கள். சுவர் நிறத்தை சீலிங்கில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் ஏற்றி, டேப்பை சீலிங்கில் ஒட்டி முடித்தால் நேராக நிற்கும், கீழே நிற்பவர் கண்ணுக்கு அந்த ஏற்றம் தெரியவே தெரியாது. பெரிய பள்ளங்கள் இருந்தால் மூலையில் அக்ரிலிக் சீலன்ட் (இடுக்கை அடைக்கும் பசை) மெல்லிசாக இழுத்து ஈர விரலால் தடவிவிடலாம். சாதா சிலிக்கான் மட்டும் வேண்டாம், அதன் மேல் பெயிண்ட் பிடிக்காது. டெக்ஸ்சர் வேலையே இனிமேல்தான் என்றால் இந்தக் கஷ்டம் எதுவும் வேண்டாம், ஓரத்தில் அரை அங்குலம் பட்டியை வழவழப்பாக விட்டுவிடச் சொல்லுங்கள்.

பழைய சுவர், டேப்போடு பெயிண்டும் உரிந்து வருகிறது.

சுவரைக் கையால் தேய்த்துப் பாருங்கள். மாவு போல ஒட்டினால் அது சுண்ணாம்பு அல்லது டிஸ்டெம்பர், அதன் மேல் டேப்பும் நிற்காது, புதுப் பெயிண்டும் நிற்காது. சுரண்டி, துடைத்து, பிரைமர் அடித்துவிட்டு அப்புறம் கோட்டைப் பற்றி யோசிக்கலாம்.