வார இறுதியில் மரவேலை செய்பவர்கள் குடும்பத்துக்கும் அதற்கும் நேரத்தை எப்படிப் பிரித்துக்கொள்கிறீர்கள்?

கேள்வி கேட்டவர் புதிதாக ரம்பமும் உளியும் வாங்கியிருக்கிறார். சனி, ஞாயிறு முழுக்க மரத்தோடு போய்விடுகிறது, வீட்டில் வருத்தப்படுகிறார்கள், மற்றவர்கள் எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்று கேட்கிறார். ஆறு வருடமாக வார இறுதியில் இதைச் செய்கிறேன். எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன்.

ஒரே வரியில் கேட்டால், பசை காயும் நேரம்தான் எங்கள் குடும்ப நேரம். இந்தப் பழக்கத்துக்கு வந்து சேர எனக்கு இரண்டு வருடம் ஆனது.

நாங்கள் இருப்பது கோவை, வடவள்ளிப் பக்கம். நான் வங்கியில் வேலை செய்கிறேன். 2015 செப்டம்பரிலிருந்து வங்கிகளுக்கு மாதத்தின் இரண்டாவது, நான்காவது சனிக்கிழமைகள் விடுமுறை. மற்ற சனிக்கிழமைகள் முழு வேலை நாள். அதனால் என் வார இறுதிகளில் இரண்டு வகை உண்டு: இரண்டு நாள் கிடைக்கும் வாரம், ஞாயிறு மட்டும் கிடைக்கும் வாரம். ஆரம்பத்தில் இந்த வித்தியாசத்தை நான் யோசிக்கவே இல்லை. கையில் எந்த நாள் கிடைத்தாலும் எந்த வேலையையும் தொடங்கிவிடுவேன்.

வீடு கட்டியபோது கதவு, ஜன்னல் செய்ய வந்த ஆசாரியிடம்தான் கற்றுக்கொண்டேன். அவர் இழைப்புளி தள்ளும்போது மரம் மெல்லிய சுருளாக எழுந்து வருவதைப் பார்த்துக்கொண்டே நிற்பேன். ஒருநாள் கேட்டுவிட்டேன், எனக்குச் சொல்லித் தருவீர்களா என்று. "முதல்ல தீட்டப் பழகுங்கம்மா. மரத்தைத் தொடறதெல்லாம் அப்புறம்" என்றார். ஒரு மாதம் உளியைச் சாணைக்கல்லில் தேய்த்தது மட்டும்தான் பாடம். அந்த ஒரு மாதத்துக்கு இன்றைக்கும் அவருக்கு நன்றி சொல்கிறேன். கூர் இல்லாத உளியை அழுத்தித் தள்ள வேண்டியிருக்கும், அது வழுக்கும், கை கிழியும். குழந்தைகள் இருக்கும் வீட்டில் இது முக்கியம்.

கற்றுக்கொண்ட வேகத்தில் நான் தொடங்கிய முதல் பெரிய வேலை ஒரு கட்டில். அது தப்பு. ஏழு மாதம் அந்தக் கட்டிலின் சட்டங்கள் போர்ட்டிகோவில் கிடந்தன, என் கணவருடைய வண்டி வெளியே மழையில் நனைந்தது. ஒரு வார்த்தை சொல்லவில்லை அவர். ஆனால் ஞாயிறு காலை எங்காவது போகலாமா என்று கேட்பதையே நிறுத்திவிட்டார். அது எனக்குப் புரியவே நாளானது.

பையன் ஒன்றாம் வகுப்பு படிக்கும்போது பள்ளியில் விளையாட்டு விழா, ஒரு நான்காம் சனிக்கிழமை. ஒன்பதரைக்கு அவனுடைய ஓட்டம். எட்டரைக்கு நான் கட்டில் தலைமாட்டுக்குப் பசை தடவினேன். பத்து நிமிட வேலை என்று நினைத்தேன். தடவியபின் ஒரு மூட்டு இறங்கவில்லை. பசை போட்ட மூட்டை அப்படியே விட்டுப் போக முடியாது. பத்து நிமிடம் தாண்டினால் பிடித்துவிடும், பிறகு அறுத்துத்தான் எடுக்க வேண்டும். கொட்டாப்புளியால் தட்டி, கிளாம்ப் போட்டு முறுக்கி, கை கழுவிப் போய்ச் சேர்ந்தபோது பத்தேகால். ஓட்டம் முடிந்திருந்தது. அவன் அப்பாவின் மடியில் உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்ததும் கேட்டான்: "ஃபெவிகால் காஞ்சுதாம்மா?"

கோபமாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். அன்றைக்கு ராத்திரி நான் தூங்கவில்லை.

அந்த வாரத்திலிருந்து வந்த பழக்கம் இது. இரண்டு நாள் கிடைக்கும் வாரத்தில் சனிக்கிழமை காலை அறுப்பு, இழைப்பு, உளி வேலை. மதியம் பசை இல்லாமல் எல்லாவற்றையும் ஒருமுறை பூட்டிப் பார்ப்பேன். மூட்டு எங்கே இறுகுகிறது, எங்கே தளர்கிறது என்று அப்போதே தெரிந்துவிடும். சரியாக இருந்தால்தான் மாலை ஐந்து மணிக்குப் பசை. அது அன்றைய கடைசி வேலை. கிளாம்ப் போட்டு, குறுக்களவு இரண்டும் சமமாக இருக்கின்றனவா என்று மூலைக்கு மூலை டேப் பிடித்துப் பார்த்துவிட்டு, குளித்து வந்துவிடுவேன். வழக்கமான வெள்ளைப் பசைக்கு முழு வலு வர ஏறக்குறைய ஒரு நாள் ஆகும். அந்த ஒரு நாள் நான் தொட்டால்தான் கெடும். மாலையில் மருதமலை போவோம், இல்லையென்றால் அத்தையின், அதாவது என் மாமியாரின், தங்கை வீடு, இல்லையென்றால் வீட்டிலேயே எல்லோரும் சேர்ந்து சப்பாத்தி தேய்ப்போம். மனம் பட்டறையில் இருக்காது, ஏனென்றால் அங்கே செய்ய ஒன்றும் இல்லை. ஞாயிறு சாயங்காலம்தான் கிளாம்பைக் கழற்றுவேன்.

ஞாயிறு மட்டும் கிடைக்கும் வாரத்தில் புதிதாக எதையும் அறுப்பதில்லை. உளி, இழைப்புளி தீட்டுவது, உப்புத்தாள் போடுவது, எண்ணெய் பூசுவது, அவ்வளவுதான். தேக்கில் மணல் சத்து உண்டு, கத்தியைச் சீக்கிரம் மழுங்க வைத்துவிடும். அதனால் தீட்டுகிற வேலைக்குப் பஞ்சமே இல்லை.

ஒரு வேலையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், அத்தைக்குச் செய்த முக்காலி. முக்காலி என்று வீட்டில் பேர், உண்மையில் அதற்கு நான்கு கால்.

அத்தைக்கு முழங்கால் வலி. தரையில் உட்கார்ந்து காய் நறுக்கிப் பழகியவர். தரையில் முடியாமல் போனதும், ஏதோ ஒரு படத்தைப் பார்த்து 10 அங்குல உயரத்தில் குட்டி ஸ்டூல் ஒன்று செய்து கொடுத்தேன். பார்க்க அழகாக இருந்தது. அத்தையும் நன்றாக இருக்கிறது என்றுதான் சொன்னார். ஒரு மாதம் கழித்து என் கணவர்தான் கவனித்தார், அம்மா எழும்போது பீரோ கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு எழுகிறார் என்று. நான் செய்த பொருள், நான் கவனிக்கவில்லை.

அடுத்த ஞாயிறு பழைய செய்தித்தாள் கட்டுகளை அடுக்கி மேலே ஒரு பலகையை வைத்தோம். 14 அங்குலத்தில் உட்கார்ந்து எழுந்தார், கை தேவைப்பட்டது. இரண்டு கட்டு ஏற்றினோம். 16-இல் பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்தார். பையன் இன்னும் ஒரு கட்டு கொண்டுவந்து வைத்தான். 17½ அங்குலத்தில், இரண்டு கையும் மடியில் இருக்க, நேராக எழுந்து நின்றார். "இது போதும் கண்ணு" என்றார். அத்தையின் பின்முழங்கால் உயரம் 15½ அங்குலம்தான். உட்கார மட்டும் என்றால் அந்த உயரம் சரி. எழுவதற்கு இன்னும் இரண்டு அங்குலம் வேண்டியிருந்தது. மரவேலையில் அளவு என்றால் மரத்தின் அளவு என்று அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

மரம், பழைய வீடு இடித்த தேக்குச் சட்டம். இந்த மாதிரி மரம் பல வருடம் காய்ந்து அடங்கியது, புதிய மரம்போல் சுருங்கி வெடிக்காது. வாங்கும்போது கன அடிக் கணக்கைப் பையனிடம் விட்டுவிடுவேன். 8 அடி நீளம், 6 அங்குல அகலம், 1½ அங்குல கனம் என்றால், மூன்றையும் பெருக்கி 144-ஆல் வகுக்க வேண்டும், அரை கன அடி. கடைக்காரர் கால்குலேட்டரை எடுக்கும் முன்னால் சொல்லிவிடுவான். வீட்டுக்கு வந்ததும் ஒரு காந்தத்தை மரத்தின் மேல் நகர்த்துவது அவனுடைய இன்னொரு வேலை. பழைய மரத்துக்குள் தலை ஒடிந்த ஆணிகள் புதைந்திருக்கும். ஒன்று தட்டுப்பட்டால் ரம்பத்தின் பல் போய்விடும். காந்தம் 'டக்'கென்று ஒட்டும் இடத்தில் சாக்பீஸால் வட்டம் போடுவான். அந்தச் சட்டங்களில் 11 வட்டம் போட்டான்.

நான்கு கால், மேலே நான்கு சட்டம், கீழே நான்கு சட்டம். சட்டத்தின் நுனியை மெலிதாகச் செதுக்கி விடுவதுதான் நாக்கு, அது காலில் வெட்டிய துளைக்குள் இறங்கும். மொத்தம் 16 துளை, 16 நாக்கு. ஒன்றரை அங்குலச் சட்டத்தில் நடு அரை அங்குலத்தை நாக்காக விடுவேன், மூன்றில் ஒரு பங்கு என்பது ஆசாரி சொன்ன கணக்கு. ஒரு துளை வெட்ட எனக்கு அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். மூன்று வார இறுதிகள் அதிலேயே போயின. பூட்டியபின் ஒரு கால் ஆடியது. சமமான தரையில் நிறுத்தி, ஆடும் காலுக்கு அடியில் அட்டையைச் சொருகி, ஒரு சிறு கட்டையின் மேல் பென்சிலைப் படுக்க வைத்து நான்கு காலையும் சுற்றிக் கோடு போட்டு, கோட்டோடு அறுத்தேன். ஆட்டம் நின்றது.

சமையலறையில் தண்ணீர் படும் என்பதால் அரக்குப் பாலிஷ் வேண்டாம் என்று விட்டேன். தண்ணீர் தேங்கினால் அது வெளுத்துவிடும். டபுள் பாயில்ட் லின்சீட் ஆயில் என்று பெயின்ட் கடையில் கேட்டால் கிடைக்கும், ஆளிவிதை எண்ணெய்தான். துணியில் தொட்டுப் பூசி, கால் மணி நேரம் கழித்து மிச்சத்தைத் துடைத்துவிட வேண்டும். நாளுக்கு ஒரு பூச்சு, மூன்று பூச்சு. இங்கே ஒன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். இந்த எண்ணெய் பட்ட துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். எண்ணெய் காற்றோடு சேர்ந்து காயும்போது சூடு உண்டாகும். சுருட்டிய துணிக்குள் அந்தச் சூடு வெளியேற வழியில்லாமல் தானாகவே தீப்பற்றும். கதை இல்லை, நிஜமாக நடப்பது. நான் துணியைத் தண்ணீர் வாளியில் முக்கி, பிறகு வெளியே விரித்துக் காயப்போட்டுத்தான் குப்பையில் சேர்ப்பேன்.

தூசியைப் பற்றியும். என் பையனுக்குச் சின்ன வயதில் வீசிங் இருந்தது. அதனால் படிக்கத் தொடங்கினேன். மரத்தூள் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1995-இலேயே வகைப்படுத்தியிருக்கிறது. நாள் முழுக்க, வருடக்கணக்கில் அதிலேயே இருக்கும் தொழிலாளிகளுக்குத்தான் பெரிய ஆபத்து. ஆனாலும் நமக்கு என்ன என்று விட முடியாது. எப்போதும் என்95 மாஸ்க். மெஷின் ஓடும்போது பையன் அந்தப் பக்கம் வரக்கூடாது. வேலைக்கென்று தனி உடுப்பு, அதோடு வீட்டுக்குள் நுழைவதில்லை. அவன் கையால் உப்புத்தாள் போடும்போது அவனுக்கும் மாஸ்க் உண்டு.

ஒரு வைகாசியில் மொட்டை மாடியில் அத்தை வடகம் பிழிந்து காயவைத்திருந்தார். நான் கீழே திறந்தவெளியில் மெஷினால் தேய்த்துக்கொண்டிருந்தேன். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று கோவைக்காரர்களுக்குத் தெரியும். தூள் மேலே ஏறி வடகம் முழுக்கப் படிந்தது. இரண்டு நாள் வேலை போனது. அத்தை திட்டியிருந்தால் மனம் ஆறியிருக்கும். "மறுபடி பிழிஞ்சுக்கலாம் கண்ணு" என்று சொல்லிவிட்டுத் தட்டைக் கழுவப் போனார். அடுத்த வாரம் நானும் உட்கார்ந்து பிழிந்தேன். மாடியில் என்ன காய்கிறது என்று பார்க்காமல் இப்போது சுவிட்சைத் தொடுவதில்லை. மெஷின் சத்தம் காலை பத்திலிருந்து பன்னிரண்டரை வரைதான், பக்கத்து வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது. மற்ற நேரத்தில் கைக்கருவிதான்.

காலண்டரையும் கவனியுங்கள். தை, வைகாசி, ஆவணி மாதங்களில் முகூர்த்தம் நிறைய. ஞாயிறு என்றாலே கல்யாணம், கிரகப்பிரவேசம். அந்த மாதங்களில் பெரிய வேலை எதையும் எடுக்காதீர்கள். எடுத்தால் மூன்று வாரம் மண்டபத்தில் உட்கார்ந்து பாதியில் நிற்கும் பெட்டியைப் பற்றியே நினைத்துக்கொண்டிருப்பீர்கள். அது யாருக்கும் நல்லதில்லை. ஆடியும் மார்கழியும்தான் நமக்கு. ஆடியில் எனக்குக் காற்று தொந்தரவு, அதனால் மூட்டு வேலை. மார்கழியில் தேய்ப்பு, பூச்சு.

அப்புறம் அந்தக் கட்டில். வருடக் கடைசியில் முடித்துவிட்டேன். பையன் இப்போது அதில்தான் தூங்குகிறான்.

ஆயுத பூஜைக்கு என் கணவர்தான் உளிகளைத் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, வரிசையாகப் பலகையில் அடுக்குவார். எந்த உளி எந்த அகலம் என்று அவருக்கு இப்போது பார்த்ததும் தெரியும். அவர் ஒருநாளும் மரத்தில் கை வைத்ததில்லை, வைக்க விருப்பமும் இல்லை. புதியவர்கள் பலர் வீட்டில் எல்லோரையும் இதில் இழுக்கப் பார்க்கிறார்கள். இழுக்காதீர்கள். அவர்களுக்காகச் செய்யுங்கள், அவர்களிடம் அளவு எடுங்கள், சொன்ன நேரத்துக்கு நிறுத்துங்கள்.

போன மாதம் பொள்ளாச்சியிலிருந்து அத்தையின் அக்கா வந்திருந்தார். முக்காலியில் உட்கார்ந்தார், எழ முயன்றார், முடியவில்லை. அவர் அத்தையைவிட உயரம். வருகிற இரண்டாம் சனிக்கிழமை எல்லோரும் பொள்ளாச்சி போகிறோம், அவருக்கு அளவு எடுக்க. செய்தித்தாள் கட்டுகளை அங்கேயே சேர்த்து வைக்கச் சொல்லிப் பையன் போனில் சொல்லிவிட்டான்.